அப்பா அம்மாவோட வாழ்க்கைக் கதையப் பத்திரப்படுத்த எந்த வழி சரி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா அம்மா சொல்ற பழைய கதைய எல்லாம் எப்படியாவது எடுத்து வச்சிடணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடுது, ஆனா வீடியோ எடுக்கிறதா, புத்தகம் போடறதா, நோட்டு வாங்கிக் குடுத்து எழுதச் சொல்றதா, எழுதத் தெரிஞ்ச ஆள வச்சுப் பண்றதான்னு முடிவுக்கே வர முடியாம நாள் போய்க்கிட்டே இருக்கு. உங்க நிலமை இதுதான்னா இது உங்களுக்காக எழுதினது. எங்க அம்மாவுக்காக நான் இந்த வேலைல இறங்கினப்ப யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல, ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க, விலை கேட்டா ஒருத்தர் சொன்னதுக்கும் இன்னொருத்தர் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். கடைசில எந்த வழிய எடுத்தாலும் சரி, குரல முதல்ல பதிஞ்சு வச்சிடுங்க. குரல் கையில இருந்தா நாளைக்கு அதுல இருந்து புத்தகம் பண்ணலாம், போட்டோ மேல ஓட விட்டு வீடியோ பண்ணலாம், காசு சேர்ந்ததும் நல்ல எழுத்தாளர்கிட்ட குடுக்கலாம். புத்தகத்துல இருந்து குரல எடுக்கவே முடியாது. கீழ இருக்கிறது எல்லாம் இத வச்சுத்தான்.

1. யாருக்காகன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஒரு பேப்பர்ல ரெண்டே வரி எழுதுங்க: இது யார் கேக்கறதுக்கு, யார் படிக்கிறதுக்கு? வீட்டுக்குள்ள அஞ்சாறு பேருக்கா, இன்னும் பொறக்காத பேரப்பிள்ளைங்களுக்கா, இல்ல வெளி ஆளுங்களும் படிக்கிற மாதிரியா? வீட்டுக்குள்ளன்னா பேச்சு அப்படியே இருந்தாலே போதும், செலவும் பாதியாக் கொறையும். வெளி ஆளுங்களுக்குன்னா எடிட்டிங், அனுமதி, சரிபார்க்கிறதுன்னு வேலை ரெண்டு மடங்கு மூணு மடங்கா போகும்.

கூடப் பொறந்தவங்க இருந்தா இப்பவே உக்காந்து பேசிடுங்க. செலவு யாரோடது, ஒரு விஷயத்த வைக்கலாமா வேணாமான்னு வந்தா கடைசி வார்த்தை யாரோடதுன்னு ரெண்டும் தெளிவா இருக்கணும். என்னக் கேட்டா கடைசி வார்த்தை அப்பா அம்மாவோடதுதான், அவங்க கதை அது. அண்ணனுக்கு வேற மாதிரி ஞாபகம் இருந்தா அத அடிக்குறிப்பாப் போட்டுக்கலாம், அவங்க சொன்னத மாத்தக் கூடாது.

2. வழியத் தேர்ந்தெடுக்கிறது: உங்க ஆசையப் பாக்காதீங்க, அவங்க சுபாவத்தப் பாருங்க

நெறைய பேரு சறுக்கற இடம் இதுதான். பிள்ளைங்களுக்கு அழகா பைண்ட் பண்ணின புத்தகம்தான் மனசுல இருக்கும், அப்பாவுக்குப் பேனாவத் தொட்டே பல வருஷம் ஆயிருக்கும். அதனால ஒவ்வொரு வழியும் யாருக்குச் சரிப்படும்னு சொல்றேன்.

நோட்டுல அவங்களே எழுதறது: கடிதம் எழுதிப் பழகினவங்க, தனியா உக்காந்து யோசிக்கப் பிடிச்சவங்களுக்கு நல்லா வரும். செலவு கிட்டத்தட்ட இல்ல. கையெழுத்தே ஒரு பொக்கிஷம். ஆனா வெறும் நோட்ட மட்டும் கையில குடுத்தா முதல் பக்கத்துல பொறந்த தேதி, ஊர் பேரோட நின்னுடும், பக்கத்துக்கு ஒரு கேள்வி நீங்களே மேல எழுதிக் குடுங்க. பேப்பர் அமிலம் இல்லாததா, அதாவது ஆசிட் ஃப்ரீன்னு போட்டதா இருக்கட்டும். சாதா மட்டமான பேப்பர் சில வருஷத்துலயே மஞ்சளாகி ஓரம் உடையும்.

ஆடியோ: முக்கால்வாசி பேருக்கு இதுதான் சரி. கேமராவப் பாத்தா வெறைச்சுப் போறவங்க கூட போன மேஜை மேல வச்சா கொஞ்ச நேரத்துல அத மறந்துட்டுப் பேசுவாங்க. மெமரியும் அதிகம் எடுக்காது.

வீடியோ: கைய ஆட்டி ஆட்டிப் பேசறவங்க, பழைய பொருள எடுத்துக் காமிச்சு சொல்றவங்க, தொழில் தெரிஞ்சவங்களுக்குக் கண்டிப்பா எடுங்க. தச்சு வேலையோ தையலோ கையில இருக்கிற வித்தைய ஆடியோல சொல்ல முடியாது. ஆனா வெளிச்சம், கோணம்னு உங்க கவனம் பூரா கருவி மேல போயிடும், எதிர்ல இருக்கிறவங்க பேச்சு மேல இருக்காது. முழுசா வீடியோ வேணாம்னு நான் சொல்லுவேன், ரெண்டு மூணு தடவ மட்டும் வீடியோ, மிச்சம் ஆடியோ.

வாரம் ஒரு கேள்வி: தூரத்துல இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழி. ஈமெயில்ல வாரம் ஒரு கேள்வி அனுப்பி, வருஷக் கடைசில பதிலையெல்லாம் புத்தகமாக் கட்டித் தர்ற ஸ்டோரிவொர்த் மாதிரி சேவை இருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி தமிழ் எழுத்து பிரின்ட்ல ஒழுங்கா வருமான்னு ஒரு பக்கம் மாதிரி கேளுங்க, கணக்க நிறுத்தினா எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிக்க முடியுமான்னும் கேளுங்க. இதையே வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுல இலவசமாப் பண்ணலாம், ஆனா அது குரலக் கொஞ்சம் அமுக்கித்தான் அனுப்பும், போன மாத்தறப்ப தொலையவும் வாய்ப்பு இருக்கு, வந்த அன்னைக்கே எடுத்து வேற இடத்துல போட்டுடுங்க.

எழுத்தாளர அமர்த்தறது: காசு அதிகம் போற வழி, உங்களுக்கு நேரமே இல்லைன்னா பொறுமையா கேக்கத் தெரிஞ்ச ஒரு வெளி ஆள் நல்ல உதவிதான். சில விஷயத்த பிள்ளைங்ககிட்ட சொல்லத் தயங்கறவங்க வெளி ஆள்கிட்ட சுலபமா சொல்லிடுவாங்க, இது நிஜம். செலவு, ஒப்பந்தம் பத்தி 8ல சொல்றேன்.

உடம்பு முடியலை, ஞாபகம் கொறைய ஆரம்பிச்சிருக்குன்னா வழியத் தேடிட்டு இருக்காதீங்க, இன்னைக்கே போன எடுங்க. ஞாபக மறதி நோய்ல சமீபத்துல நடந்ததுதான் பொதுவா முதல்ல போகும், சின்ன வயசு ஞாபகம் கொஞ்ச நாள் கூட நிக்கும். சாயங்காலம் ஆக ஆக குழப்பம் கூடறது நெறைய பேருக்கு உண்டு, அதனால காலைலயே பேசுங்க. வருஷம் தேதி கேட்டுச் சோதிக்காதீங்க, போட்டோ, பழைய பாட்டு, கையில தொட்டுப் பாக்கற பொருள்னு குடுங்க.

3. சம்மதத்த எழுத்துல வாங்குங்க

சொந்த அம்மாகிட்ட கையெழுத்தான்னு கூச்சமா இருக்கும். இந்த ஒரு பக்கம் பின்னாடி பெரிய சண்டைய எல்லாம் தடுக்கும், அதோட அவங்களுக்கும் தன் பேச்சுக்கு மதிப்பு இருக்குன்னு புரியும். சட்ட பாஷையே வேணாம். இது போதும்:

என்ன பதியப் போறோம், ஒரிஜினல் யார்கிட்ட இருக்கும், யாரெல்லாம் கேக்கலாம், அச்சடிக்கலாமா, இணையத்துல போடலாமா, எந்தப் பகுதிய இத்தன வருஷம் கழிச்சு, இல்லைன்னா இன்னார் காலத்துக்கு அப்புறம்தான் திறக்கணும், மனசு மாறினா எத வேணா எடுக்கச் சொல்லலாம். தேதி, ரெண்டு பேர் கையெழுத்து.

‘இப்ப வேணாம், பிற்பாடு திறக்கலாம்’ங்கற வரிய விட்றாதீங்க. வாய்மொழி வரலாறு சேகரிக்கிற ஆவணக் காப்பகங்கள்ல வழக்கமா வச்சிருக்கிற முறைதான் அது. அது இருந்தா அவங்க தைரியமாப் பேசுவாங்க, இல்லைன்னா பாதிக் கதைய முழுங்கிடுவாங்க. உயிரோட இருக்கிற மத்தவங்களப் பத்தி வர்ற விஷயத்த அவங்களக் கேக்காம வெளில விடாதீங்க. இணையத்துல போடறதா இருந்தா அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு, முதல் பள்ளிக்கூடம், செல்லப் பேரு, பொறந்த தேதி எல்லாம் பாங்க் பாதுகாப்புக் கேள்விக்கான பதில்ங்கறத ஞாபகம் வச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போடுங்க.

4. உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பர்

ஒன்னு, காலவரிசை. பொறந்தது, எந்த எந்த ஊர்ல எந்த எந்த வீட்டுல இருந்தாங்க, பள்ளி, வேலை, கல்யாணம், பிள்ளைங்க, பெரிய நோய், பெரிய இழப்பு. வருஷம் தெரியலைன்னா ‘தம்பி பொறக்கறதுக்கு முன்னாடி’ன்னு எழுதினாலே போதும். பொறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வேலைல சேர்ந்த கடிதம், பழைய பாஸ்போர்ட், கல்யாண அழைப்பிதழ்னு வீட்டுல இருக்கிறத எடுத்து வச்சுப் பாத்தா பாதி வருஷம் தானா நெரம்பிடும். சான்றிதழ்ல இருக்கிற பொறந்த தேதியும் அவங்க சொல்ற தேதியும் பொருந்தாம இருக்கலாம், ரெண்டையும் எழுதி வைங்க, எது சரின்னு வாதாட வேணாம்.

ரெண்டாவது, பேர்ப் பட்டியல். அவங்க வாயில வர்ற ஒவ்வொரு பேருக்கும் முழுப்பேரு, என்ன உறவு, எந்த ஊரு. ‘பெரியவர்’, ‘மாடி வீட்டு அக்கா’ன்னு அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க, இன்னைக்கு உங்களுக்கு அது யாருன்னு தெரியும், உங்க பேரனுக்குத் தெரியாது.

5. ரெக்கார்டிங் செட்டிங்: பெரிய செலவு வேணாம்

இப்ப கையில இருக்கிற போனே போதும். காசு செலவு பண்ணணும்னா ஒரே ஒரு சட்டைல குத்தற காலர் மைக் வாங்குங்க, அதுக்கு மேல இப்போதைக்கு எதுவும் வேணாம். மைக்க மோவாய்க்கு ஒரு சாண் கீழ குத்தணும், சங்கிலியோ துணி மடிப்போ உரசாத இடமாப் பாத்து.

ஃபார்மட் வேவ் (WAV, குரல வெட்டாம முழுசா வைக்கிற பைல் வகை), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு சேனலா மோனோல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி வரும். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3ல எடுத்தா 58 எம்பிதான், ஆனா எடுக்கும்போதே நெறைய வெட்டி எறிஞ்சிடும், பிற்பாடு சத்தத்தக் கொறைக்கணும் சரி பண்ணணும்னா கஷ்டம். வேவ்ல எடுத்து வச்சுக்கங்க, சொந்தக்காரங்களுக்கு அனுப்பறதுக்கு மட்டும் எம்பி3 பண்ணிக்கலாம். ஐபோன்னா வாய்ஸ் மெமோஸ் செட்டிங்ஸ்ல ஆடியோ குவாலிட்டிய லாஸ்லெஸ்னு மாத்துங்க. வீடியோவுக்கு 1080பி, 30 பிரேமே தாராளம், புது போன்கள்ல ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபி மாதிரி வரும், 4கேன்னா 10 ஜிபியத் தாண்டும். எடுக்கறதுக்கு முன்னாடி இடம் இருக்கான்னு பாத்துடுங்க.

இடம்னா சின்ன ரூம், கட்டில், திரைச்சீலை, துணி இருக்கிற ரூம்தான் நல்லது. வெறும் சுவரும் டைல்ஸும் இருக்கிற ஹால்ல குரல் எதிரொலிக்கும். ஃபேன், ஏசி, பக்கத்து ரூம் டிவி எல்லாம் ஆஃப். பிரிட்ஜ் இருக்கிற பக்கம் வேணாம், நம்ம காதுக்குத் தெரியாத உறுமல் ரெக்கார்டிங்ல முழுசா உக்காந்திருக்கும். போன ஏரோபிளேன் மோட்ல போடுங்க, நடுவுல கால் வந்தா சில போன்ல ரெக்கார்டிங்கே நின்னுடும். ஒரு நிமிஷம் சும்மா பேசிப் பதிஞ்சு ஹெட்போன்ல கேட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க. இன்னொரு போனையும் பக்கத்துல ஓட விடுங்க.

ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துல தேதி, இடம், யார் யார் இருக்காங்கன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லிடுங்க. பைல் பேரு மாறிப் போனாலும் உள்ள இருக்கிற குரல் சொல்லிடும்.

6. உக்காந்து பேசறது

நேரம் 40 நிமிஷத்துல இருந்து 1 மணி நேரம். 2003ல ஆரம்பிச்ச ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு சாதாரண ஜனங்களோட உரையாடல்களப் பதிஞ்சுக்கிட்டே வருது, அதுலயும் ஒரு உரையாடலுக்கு வச்சிருக்கிற அளவு 40 நிமிஷம்தான். ஒரு மணி நேரத்தத் தாண்டினா வயசானவங்க களைச்சுப் போவாங்க, பதில் சுருங்கும். ஒரே வாரத்துல முடிச்சிடணும்னு தொடர்ந்து உக்காராதீங்க. ரெண்டு சந்திப்புக்கு நடுவுல சில நாள் விட்டா அவங்களுக்கே ராத்திரி படுக்கையில இன்னும் நாலு விஷயம் ஞாபகம் வந்திருக்கும், அடுத்த தடவ அதத்தான் முதல்ல கேக்கணும்.

‘உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க’ன்னு ஆரம்பிச்சா ‘என்னத்தச் சொல்றது, எல்லாரு மாதிரிதான் நானும்’னு பதில் வரும். கேள்வி சின்னதா, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். முதல் சம்பளத்த வாங்கி யார் கையில குடுத்தீங்க? அந்த வீட்டுல நீங்க எந்த மூலைல படுப்பீங்க? வாத்தியார்ல யாரப் பாத்தா பயம்? ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்விய விட்டுடுங்க, அப்படி ஒன்னு கேட்டுட்டாலும் ‘அப்புறம்?’னு சேர்த்துக்கங்க.

எல்லாக் கேள்வியையும் விட எங்களுக்கு வேலை செஞ்சது ஒரு வெள்ளைப் பேப்பரும் பென்சிலும். சின்ன வயசுல இருந்த வீட்ட வரைஞ்சு காமிங்கன்னு கேட்டேன். எனக்கு வரையத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே அம்மா கோடு போட்டாங்க, வாசப்படி, ஜன்னல், ஜன்னலுக்கு ஒட்டி ஒரு சின்னக் கட்டம். இது என்னம்மான்னேன். “எங்கப்பாவோட தையல் மிஷின். அந்தப் பலகை மேலதான் புக்க வச்சுப் படிப்பேன், அவரு தைக்க வந்துட்டா எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு எந்திரிச்சிடணும். பரீட்சை நேரத்துல மட்டும் அவரு வரவே மாட்டாரு, வெளில போய் உக்காந்துக்குவாரு.” தாத்தாவப் பத்தி எங்களுக்குக் கோபக்காரர்ங்கற ஒன்னு மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டத்துக்கு அப்புறம் நான் கேள்வியே கேக்கல, பென்சில் ஒவ்வொரு ரூமாப் போச்சு, கதை கூடவே வந்துச்சு. அந்தப் பேப்பர பத்திரமா வைங்க, தேதி போட்டு ஸ்கேன் பண்ணிடுங்க.

இன்னொன்னு, 10 வயசுல இருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் வயசானவங்களுக்கு அதிகமா ஞாபகத்துக்கு வரும்னு ஞாபகசக்திய ஆராயறவங்க சொல்றாங்க. அதனால அங்க இருந்து ஆரம்பிங்க, பேச்சு தானா ஓடும், நடு வயசுக்கு அப்புறமா வந்துக்கலாம். காலவரிசைப்படியே போகணும்னு கட்டாயம் இல்ல, அதுக்குத்தான் முன்னாடியே பேப்பர் போட்டு வச்சிருக்கோமே.

அவங்க நிறுத்தினா நீங்க உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. முக்கியமான விஷயம் முக்கால்வாசி அந்த அமைதிக்கு அப்புறம்தான் வரும். ‘இல்லம்மா, அது அந்த வருஷம் இல்ல’ன்னு திருத்தாதீங்க, ‘ம்ம்’, ‘ஆமா ஆமா’ன்னு அவங்க பேச்சு மேல சத்தமும் போடாதீங்க, தலைய ஆட்டினா போதும். சொன்ன கதையையே திரும்பச் சொன்னா சொல்லட்டும், ரெண்டாவது தடவ புதுசா ஒரு ஆள் உள்ள வருவார்.

அழுதாங்கன்னா ரெக்கார்டிங்க நிறுத்தட்டுமான்னு அவங்களக் கேளுங்க. தண்ணி குடுங்க, கையப் புடிச்சுக்கங்க. தொடரணுமா வேணாமாங்கறது அவங்க முடிவு. கஷ்டமான விஷயத்தோட அன்னைக்குப் பேச்ச முடிக்காதீங்க, கொஞ்சம் லேசான ஒன்னக் கேட்டுட்டு முடிங்க, அப்புறமும் கொஞ்ச நேரம் கூடவே இருங்க.

7. எழுத்தாக்கறது: இங்கதான் நேரம் போகும்

ஒரு மணி நேர ஆடியோவ முழுசா டைப் பண்ண பழகினவங்களுக்கே 4ல இருந்து 6 மணி நேரம் ஆகும். அதனால எல்லாத்தையும் டைப் பண்ணணும்னு எடுத்த உடனே இறங்கிடாதீங்க. முதல்ல ஒரு அட்டவணை போடுங்க: 14வது நிமிஷம் முதல் வேலை, 22வது நிமிஷம் வீடு மாறினது, 31வது நிமிஷம் அண்ணன் போனது, இப்படி. இத கேட்டுக்கிட்டே போடலாம், எது புத்தகத்துக்கு வேணுமோ அத மட்டும் அப்புறம் டைப் பண்ணிக்கலாம். ஒன்னுமே பண்ண நேரமில்லாதவங்க இந்த அட்டவணைய மட்டுமாவது போட்டுடுங்க, அது இல்லாம விட்ட ரெக்கார்டிங்க பிற்பாடு உக்காந்து கேக்கற ஆளு ரொம்பக் கம்மி.

கம்ப்யூட்டரே டைப் பண்ற வசதி இப்ப தமிழுக்கும் இருக்கு. 2022ல ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர்ங்கற மென்பொருள இலவசமா உங்க சொந்தக் கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம், ஆடியோ வெளில எங்கயும் போகாது. வட்டாரப் பேச்சு, பல்லு போன உச்சரிப்பு, ஊர்ப் பேரு இதுல எல்லாம் நெறைய தப்பு வரும், அது தெரிஞ்சதுதான். கவனிக்க வேண்டியது வேற ஒன்னு: பேசாம அமைதியா இருக்கிற இடத்துல அது சொல்லாத வாக்கியத்த தானே போட்டுடும், படிச்சா சரியா இருக்கிற மாதிரியே இருக்கும். அம்மா சொல்லாத ஒரு வரி அம்மா பேருல நின்னுடக் கூடாது. அதனால ஆடியோவ ஓட விட்டு வரிக்கு வரி ஒத்துப் பாக்காம எதையும் வச்சுக்காதீங்க.

ஆள வச்சு டைப் பண்றதா இருந்தா பொதுவா ஆடியோ நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க, இல்ல பக்கத்துக்கு இவ்வளவு. முதல்ல பத்து நிமிஷத்த மட்டும் குடுத்து மாதிரி பாருங்க. கண்டிப்பா யூனிகோட்ல (எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் தமிழாவே தெரியற எழுத்து முறை) வேணும்னு எழுத்துலயே சொல்லிடுங்க. எங்களுக்கு டைப் பண்ணிக் குடுத்தவர் யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய ஃபான்ட் ஒன்னுல அடிச்சுக் குடுத்தார், அவர் கம்ப்யூட்டர்ல பாத்தா தமிழ், எங்க கம்ப்யூட்டர்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமா தெரிஞ்சுது. மாத்தறதுக்கு கன்வர்ட்டர் இருக்கு, ஆனா மாத்தினதுக்கு அப்புறம் ஒற்று, கொம்பு, துணைக்கால் எல்லாம் அங்கங்க இடம் மாறிக் கெடக்கும், மறுபடி முழுசாப் படிச்சுத் திருத்தணும்.

பேச்சு நடைய எவ்வளவு திருத்தலாம்? ‘வந்து’, ‘அது என்னன்னா’ மாதிரி தட்டுத் தடுமாறறத எடுக்கலாம். அவங்க வார்த்தைய உங்க வார்த்தையா மாத்தாதீங்க. ‘போயிட்டாக’ன்னு சொன்னா ‘சென்றுவிட்டார்கள்’னு எழுத வேணாம். திருத்தாத பைல தனியா வச்சிடுங்க, திருத்தினது வேற பேருல.

8. புத்தகமா போடறதா இருந்தா: செலவும் ஒப்பந்தமும்

செலவு எங்க எங்க வரும்னு தனித்தனியா கேளுங்க: டைப்பிங், எடிட்டிங், மெய்ப்புத் திருத்தறது, பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு, பைண்டிங், கொண்டு வந்து சேர்க்கிறது. மொத்தமா இவ்வளவுன்னு ஒரே தொகை சொல்றவங்ககிட்ட இதப் பிரிச்சு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, என்ன சேர்ந்திருக்கு எது இல்லைன்னு அப்பதான் தெரியும்.

இருபது முப்பது பிரதிதான்னா டிஜிட்டல் அச்சு, வேணுங்கற அளவு மட்டும் அடிச்சுக்கலாம். ஆஃப்செட்ல பிளேட் போடற செலவு முதல்லயே வந்துடும், அதனால நூத்துக்கணக்குல அடிச்சாத்தான் ஒரு பிரதி விலை கொறையும். கலர் பக்கம்தான் விலைய ஏத்தும், போட்டோவ எல்லாம் நடுவுல ஒரே தொகுப்பா வச்சா மிச்சம் கறுப்பு வெள்ளைல அடிக்கலாம். வீட்டுக்குள்ள குடுக்கிற புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன், அதாவது விக்கிற புத்தகத்துக்குப் போடற அடையாள எண், தேவையில்ல, அதுக்குன்னு தனியா காசு கேட்டா வேணாம்னுடுங்க.

எழுத்தாளரோ நிறுவனமோ வச்சா ஒப்பந்தத்துல இருக்க வேண்டியது: எத்தன மணி நேரம் பேசுவாங்க, எத்தன தடவ திருத்தித் தருவாங்க, அதுக்கு மேல போனா என்ன கட்டணம், பாதில நின்னா என்ன ஆகும் (அப்பா அம்மா உடம்புக்கு முடியாமப் போனா என்னன்னும் சேர்த்து), எழுத்தோட உரிமை யாருக்கு, ஒரிஜினல் ரெக்கார்டிங்கும் திருத்தக்கூடிய பைலும் நம்ம கைக்கு வருமா. கடைசி ரெண்டும் வராதுன்னு சொன்னாங்கன்னா எவ்வளவு நல்லா எழுதறவங்களா இருந்தாலும் வேற ஆளப் பாருங்க. பணத்த தவணையா குடுங்க, கடைசித் தவணை பைல் எல்லாம் கைக்கு வந்து திறந்து பாத்த பிறகு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பிரதி அடிச்சு அப்பா அம்மா கையில குடுத்துப் படிக்க வைங்க, கண்ணு தெரியலைன்னா நீங்க வாசிச்சுக் காமிங்க. ஒரு நாள் குறிச்சு அதுக்குள்ள வேணும்னா முதல் பேச்சுல இருந்து அச்சு வரைக்கும் ஒரு வருஷம் கையில இருக்கணும், பேரு, வருஷம் சரிபார்க்கிறதுக்கே நீங்க நினைக்கிறத விட அதிக நாள் பிடிக்கும்.

9. போட்டோ, கடிதம், பழைய கேசட்

சின்ன போட்டோவ 600 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு எத்தன புள்ளிங்கற அளவு) ஸ்கேன் பண்ணுங்க, அச்சுக்கு 300 டிபிஐ வேணும், அப்ப ரெண்டு மடங்கு பெருசா போட்டாலும் தெளிவா இருக்கும். ஏ4 பேப்பருக்கு 300 போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, தேதியும் பேரும் அங்கதான் இருக்கும். வாட்ஸ்அப்ல படமா வந்த போட்டோவ அச்சுக்கு எடுக்காதீங்க, டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. கிழிஞ்சத செல்லோடேப் போட்டு ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, ரெண்டையும் திரும்பப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு போட்டோவையும் அப்பா அம்மா முன்னாடி வச்சு நம்பர் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, ‘12வது போட்டோ, இடப்பக்கம் இருக்கிறது யாரு?’ன்னு. அதுவே ஒரு முழுச் சந்திப்பு ஆயிடும்.

கேசட் இருந்தா முதல்ல மேல் ஓரத்துல இருக்கிற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்பையும் உடைச்சிடுங்க, தெரியாம மேலேயே வேற எதையும் பதிஞ்சிட முடியாது. பூஞ்சை பிடிச்சிருந்தா பிளேயர்ல போடாம தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. 60 நிமிஷ கேசட்ட மாத்த 60 நிமிஷம் ஆகத்தான் செய்யும், கூலி அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். வீடியோ கேசட்டத் தள்ளிப் போடாதீங்க, அத ஓட்டற விசிஆர் மிஷின கடைசியா தயாரிச்சுக்கிட்டு இருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016ல நிறுத்திடுச்சு, ஓடற மிஷினும் ரிப்பேர் தெரிஞ்ச ஆளும் வருஷத்துக்கு வருஷம் கொறையறாங்க.

10. காப்பியும் பாஸ்வேர்டும்

மூணு காப்பி, ரெண்டு விதமான இடத்துல, ஒன்னு வேற வீட்டுல. உதாரணமா உங்க கம்ப்யூட்டர்ல ஒன்னு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒன்னு அத தங்கச்சி வீட்டுல வச்சிடுங்க, கிளவுட்ல ஒன்னு. பென் டிரைவ்ல போட்டு பீரோல வச்சா போதும்னு நினைக்காதீங்க, வருஷக்கணக்கா கரண்ட் படாம கெடந்தா அதுல இருக்கிறது அழியலாம். பைல் பேரு வருஷம், மாசம், நாள், ஆள், விஷயம்னு ஒரே வரிசைல இருக்கட்டும், 2024-03-17_அம்மா_தையல்மிஷின் மாதிரி. எழுத்துக்கு பிடிஎஃப் ஒன்னு, திருத்தக்கூடிய பைல் ஒன்னு.

கிளவுட் கணக்கு உங்க பேருல மட்டும் இருந்தா உங்களுக்கு அப்புறம் யாரும் உள்ள போக முடியாது. கூகுள்ல இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு இருக்கு, இத்தன மாசம் நான் உள்ள வரலைன்னா இன்னாருக்குக் குடுத்துடுன்னு சொல்லி வைக்கலாம். ரெண்டு வருஷம் யாருமே தொடாத தனிநபர் கணக்க கூகுள் அழிக்கலாம், அப்பா அம்மா பேருல இருக்கிற கணக்குல வச்சிருந்தீங்கன்னா இதக் கட்டாயம் பாருங்க. ஆப்பிள்ல இதே மாதிரி லெகசி காண்டாக்ட்னு இருக்கு, அதுல பின்னாடி உள்ள போறவங்களுக்கு நீங்க அமைக்கும்போது வர்ற சாவி எண்ணும் இறப்புச் சான்றிதழும் வேணும், அதனால எண்ண அச்சடிச்சு சம்மதப் பேப்பரோட சேர்த்து வச்சிடுங்க.

வருஷத்துல ஒரு நாள் குறிச்சு வச்சு மூணு காப்பியையும் திறந்து, ஏதாவது ஒரு ஆடியோவ நடுவுல இருந்து ஓட விட்டுப் பாருங்க. ஒன்னு ஓடலைன்னா அன்னைக்கே மத்த ரெண்டுல இருந்து புதுசா ஒரு காப்பி போட்டுடுங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு அஞ்சு வருஷம் ஆயிடுச்சுன்னா நல்லா ஓடினாலும் புதுசுக்கு மாத்திக்கங்க, பழசத் தூக்கிப் போட வேணாம், அது நாலாவது காப்பியா இருந்துட்டுப் போகட்டும்.